நாலு வீட்டுக்கு ஒரு ரிசீவர்

குவைத்தில், மங்காஃபில் நாங்கள் இருந்த மாடியில் நாலு வீடு. நாலு வீட்டிலும் டிவி உண்டு. ஆனால் டிஷ் ஒன்றுதான், ரிசீவரும் ஒன்றுதான். அந்த ரிசீவர் எங்கள் ஹாலில் இருந்தது. நான் ஏசி மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு டிஷ்ஷும் தெரிந்திருக்கும் என்று மற்ற மூன்று வீட்டாரும் அவர்களாகவே முடிவு கட்டி, பெட்டியைக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டார்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்கிய வயர் எங்கள் ஹாலுக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து மற்ற வீடுகளுக்குப் போயிற்று. நான் என்ன வைக்கிறேனோ அதுதான் நாலு வீட்டுக்கும் படம்.

சேனல் மாற்றச் சொல்லி யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. குவைத்தில் வீட்டு போனிலிருந்து உள்ளூருக்குப் பேசினால் பில் வராது. அதனால் மணி அடித்து வைத்துவிடுவார்கள். ஒரு மணி அடித்து நின்றால் தமிழ் சேனல் போடு. இரண்டு மணி என்றால் செய்தி. மூன்று மணி என்றால் படம் போய்விட்டது, மாடிக்கு ஏறு. எங்களுடையது நம்பர் காட்டாத பழைய போன். காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. யார் கேட்டாலும் போட வேண்டியதுதானே.

எனக்கு ஒரு பெரிய கடையின் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் ஒரு டூட்டி, சாயங்காலம் ஒரு டூட்டி, நடுவில் மத்தியானம் வீட்டுக்கு வந்து கண்ணயரலாம். மனைவி நர்ஸ். அவளுக்குப் பெரும்பாலும் பகல் டூட்டி. பக்கத்து வீட்டில் கிரேன் ஓட்டுகிற அண்ணாச்சி, ராத்திரி பத்துக்கு மேல் வேலைக்குப் போய், பகலெல்லாம் தூங்குகிறவர். எதிர் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிற அக்காவும் அவர் வீட்டுக்காரரும், இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். கடைசி வீட்டில் என்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிற ஒரு தம்பி. அகமதி பக்கம் சைட்டில் பைப் வேலை. அவன் மனைவி ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படியில் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாக ஒதுங்கி நிற்கும் பெண். ஆக மத்தியானத்தில் டிவி பார்க்க மாடியில் ஆளே இல்லை என்பது என் கணக்கு.

அப்படி ஒரு மத்தியானம் தூக்கம் வராமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனபோதுதான் அந்த விண்வெளி சீரியலில் போய் விழுந்தேன். அதற்கு நாலு சேனல் தள்ளி, கனடாக்காரர்களின் ஐஸ் ஹாக்கி. டிஷ்காரர் போட்டுக் கொடுத்த கார்டு, நாங்கள் கேட்காததையெல்லாம் திறந்து வைத்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். என் இங்கிலீஷில் பாதி மெஷின் மேனுவலில் படித்தது, மீதி ஃபோர்மேனிடம் திட்டு வாங்கிக் கற்றது. பேசுவதில் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் புரியவில்லை என்பதற்காக நான் அபிப்பிராயம் சொல்லாமல் இருந்தது கிடையாது. என் மனைவி சொல்வாள்: "ஆண்டவர் எல்லாருக்கும் வார்த்தையை அளந்து குடுத்தாரு. உங்களுக்கு மட்டும் சாக்கோட தூக்கிக் குடுத்துட்டாரு."

அபிப்பிராயங்கள் ஏகப்பட்டவை இருந்தன. அவ்வளவு பெரிய கப்பல் வானத்தில் போகிறது, உள்ளே ஆயிரம் பேர், ஒருத்தன்கூட வேர்வை சிந்துவதில்லை. இன்ஜின் பற்றி எரிகிறது, சுவர் பிளக்கிறது, ஏசி மட்டும் நிற்பதே இல்லை. அந்த ஏசியைப் பார்க்கிறவன் யார், எந்த ரூமில் படுக்கிறான், அவனுக்கு லீவு உண்டா என்று நான் வாரக்கணக்கில் தேடினேன். காட்டவே மாட்டார்கள். பிறகு, எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் நம் வஃப்ரா ரோடு மாதிரியே மணலும் கல்லும்தான். அங்கே நிற்கிற வேற்றுக்கிரகத்து மனிதன் வாயைத் திறந்தால் சுத்த இங்கிலீஷ். நாங்கள் இத்தனை வருஷம் அரபு நாட்டில் இருந்து இல்லை என்பதற்கு மாஃபி, முடிந்தது என்பதற்கு கலாஸ், அதைத் தாண்டவில்லை. இவன் முந்தாநாள்தான் இவர்களைப் பார்த்தான், அதற்குள் பேசுகிறான்.

ஹாக்கியைப் பற்றி இன்னும் அதிகம். பந்து என்று அவர்கள் வைத்திருக்கிற அந்தக் கறுப்பு வில்லை டிவியில் கண்ணுக்கே தெரியாது. ஆட்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போதே மரச்சுவரை எகிறிக் குதித்து ஆள் மாறுவார்கள். போகிறவன் வருகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஷிஃப்ட் மாறுவதென்றால் அப்படி இருக்க வேண்டும். எங்கள் கடையில் சாவியைக் கைமாற்றுவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். சண்டை வந்தால் நடுவர் ஓரமாக நின்று அடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். முடிந்ததும் இரண்டு பேரையும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைக்கிறார்கள், ஊர் முழுக்கப் பார்க்கும்படியாக. அந்தக் கூண்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொரு விளையாட்டு, அதை விளையாட்டென்றே சொல்லலாமோ என்னவோ: ஒருவன் கல்லைத் தள்ளிவிட, அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஐஸைக் கூட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். நீலச் சட்டை போட்ட ஒரு ஹாக்கி அணியின் ஆளாகிவிட்டேன் நான். தோற்றுக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் ஸ்டேடியத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்காது. தோற்கிறவனை விட்டுப் போகாத அந்த ஜனங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள் ரப்பர் காது வைத்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் சிரிக்க மாட்டார்களா. அதனால் மத்தியானத்தோடு மூடிவைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சீரியல் நடுவில் ஹாக்கிக்கு மாற்றினேன். போன் ஒரு மணி அடித்து நின்றது. தமிழ் சேனல் கேட்கிறார்கள் என்று அதைப் போட்டேன். மறுபடி ஒரு மணி. ஒன்றும் புரியாமல் பழையபடி விண்வெளிக்கே போனேன். போன் பேசவில்லை. எனக்கு ஆனந்தமாகிவிட்டது. இந்த மாடியில் இன்னொருவருக்கும் இது பிடிக்கிறது. அதிலிருந்து பழகிவிட்டது. சீரியல் நேரத்தில் வேறு எதையாவது வைத்தால் ஒரு மணி. பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்து ரிமோட்டின் மேல் கை பட்டு, திரையில் வெறும் மெனு நின்றுவிட்டால் ஒரு மணி. ஒரு தடவை நீலச் சட்டைக்காரர்கள் கோல் போட்டதும் மணி அடித்தது. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன். அதன் பிறகு என் அபிப்பிராயங்களை அந்தப் போனைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தேன்.

கிரேன் அண்ணாச்சிதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பளை அவர். அவரும் என்னைப் போலவே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் போலும் என்று நானும் கேட்கவில்லை. படியில் பார்க்கும்போது மட்டும் ஜாடையாக, நேற்று நம்ம ஆள் கோட்டை விட்டுட்டானே அண்ணாச்சி என்பேன். அவர் தூக்கக் கலக்கத்தோடு பெருமூச்சு விட்டு, எல்லாம் நம்ம கையிலயா இருக்கு என்பார். எவ்வளவு பக்குவமான ரசிகர் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். டூட்டி மாற்றுவது பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று போன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். நான் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும், அவள் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டாள். அடித்த அந்த முதல் மணியிலேயே எடுத்து ஹலோ என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது எனக்கே கேட்டது. "ஐயோ, மைனியா?" அவ்வளவுதான், வைத்தாயிற்று.

கடைசி வீட்டுப் பெண்ணின் குரல். நான் அண்ணன் என்றால் என் மனைவி அவளுக்கு மைனிதானே.

என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். யார் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்றாள். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஒரு மணிக்கு இது அர்த்தம், ஆனால் மத்தியானத்தில் அர்த்தம் வேறு, சத்தியமாக அண்ணாச்சி என்றுதான் நினைத்தேன், கோல் போட்டால் மணி அடிக்கும், நான் கைதட்டுவேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய் சொல்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது. நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், ஒரு பேச்சு கிளம்பினால் ஊர் வரைக்கும் போய்விடும். புருஷன் சைட்டிலும் பெண்டாட்டி டூட்டியிலும் இருக்கிற மத்தியானத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணும் அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு மணி அடித்துக்கொள்கிறார்கள் என்பதை எந்த பாஷையில் சொன்னாலும் நன்றாக இருக்காது. ஒரு வார்த்தை பேசியதில்லை, முகத்தை நேராகப் பார்த்ததில்லை. ஆனால் வெட்கத்துக்கு அதெல்லாம் போதவில்லை. சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி நின்றேன்.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனாள். நான் ரிசீவரை அணைத்தேன். அணைத்தது நாலு வீட்டிலும் அணைந்திருக்கும் என்ற நினைப்பு வேறு. சாயங்கால டூட்டிக்கு நேரமாகியும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்பி வந்து சொன்னது இது. அந்தப் பெண் ஊரில் நர்ஸ் படித்தவள். கனடாவுக்குப் போக முயற்சி நடக்கிறது. பேப்பர் வேலை எல்லாம் முடிந்து, இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. புத்தகத்தை வாசித்துவிடுவாள், எழுதிவிடுவாள். வெள்ளைக்காரர் வாய் திறந்தால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை எழுதி, காதால் கேட்கிற பகுதியில்தான் போயிற்று. பாடத்தோடு கொடுத்த கேசட்டில் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார்களாம். நம் டிவியில் மத்தியானம் அதுவாக ஓடிய சீரியலைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. அடுத்த தடவையும் போனால் புருஷன் இனி வேண்டாம், ஊருக்குப் போய்விடு என்று சொல்லியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கும் சைட் எப்போது முடியும் என்று தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாளாம். இனி மத்தியானம் டிவியே போட மாட்டேன், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள் என்றாளாம்.

நானும் இனி போட மாட்டேன் என்றேன். அது பெரிய யோக்கியமான பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

என் மனைவிக்குக் கோபம் வந்தது அப்போதுதான். "அவ வெக்கப்படுதா, நீங்களும் வெக்கப்படுதீய. ரெண்டு பேரு வெக்கமும் சேந்து போயி அவளுக்குப் பரீட்சை எழுதுமா?"

அவளும் நர்ஸ்தானே. அந்தப் பரீட்சை என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வழியும் அவளே சொன்னாள். மத்தியானத்தில் ஒளிந்து பார்த்தால்தான் தப்பு. ராத்திரி எட்டு மணிக்கு, நாலு வீட்டு விளக்கும் எரியும்போது, அதே சீரியலும் அதே ஹாக்கியும் ஓடட்டும். அந்தச் சேனல்களில் ராத்திரியும் உண்டுதான். அவரவர் புருஷன் பக்கத்தில் இருக்க அவரவர் வீட்டில் பார்க்கட்டும். காரணம் கேட்டால் என் பைத்தியம் என்று நான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பேச்சே வரக்கூடாது.

எட்டு மணி என்பது பெண்களின் தமிழ் சீரியல் நேரம். அதில் கை வைப்பதென்றால் சாப்பிடுகிற தட்டில் கை வைப்பது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் டீயோடு இருந்தபோது சொன்னேன். பரீட்சை முடிகிற வரைக்கும் என்று சொல்ல முடியாதே, கொஞ்ச காலத்துக்கு என்றேன். எனக்கு ஆசையாக இருக்கிறது, டூட்டி மாறிவிட்டது, மத்தியானம் பார்க்க முடியவில்லை என்று ஒரு பொய்யும் சொன்னேன். ஜெபக்கூட்டத்து அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆசை என்று கேட்டார். வானத்தில் கப்பல் போகிற கதை என்றேன். பிறகு ஐஸில் சறுக்கி விளையாடுவது என்றேன். வாயிலிருந்து வெளியே வந்தபோது அது இன்னும் அசிங்கமாக இருந்தது. கடைசி வீட்டுத் தம்பி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். அவன் மனைவி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இரண்டு டூட்டியும் முடித்து வந்து, குளித்து, எட்டு மணிக்கு நானே என் அவமானத்தை நாலு வீட்டுக்கும் போட்டுவிட்டு உட்காருவேன். எனக்கு அதில் தியாகம் செய்கிற நினைப்பு ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மத்தியானத்தில் தனியாக இருந்தபோது அந்தக் கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தது. நாலு வீடும் சிரிக்கப் பார்த்தபோது அட்டையில் செய்து சாயம் பூசியது தெரிந்தது. ஒரு நாள் கப்பல் தலைவன் நீல நிறப் பெண் ஒருத்தியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தொடங்கினான். ரிமோட்டைத் தேடுகிறேன், சோபா இடுக்கில் போய்விட்டது. போன் ஒரு மணியா இரண்டு மணியா என்று எண்ண முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அக்கா படியில் என்னிடம் பேசவில்லை. என் மனைவியிடம் மட்டும், உங்க வீட்டுக்காரருக்காக விசேஷமாக ஜெபிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கிரேன் அண்ணாச்சி என்னைக் கண்டால் விடமாட்டார். "என்ன மாப்ள, இன்னைக்கு எந்தக் கிரகத்துல டூட்டி? இந்த வருசம் லீவுக்கு ஊருக்குப் போறீயளா, இல்ல நேரா மேல போறீயளா?" ஐஸ் கூட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு, இதுக்கு எங்க கேம்ப்ல இருக்கிற கூட்டுறவங்களை அனுப்பினா தங்கப்பதக்கம் வாங்கிட்டு வருவாங்களே என்றார். அது நியாயமான அபிப்பிராயம்தான். நானே அதை முன்னாடி போனிடம் சொல்லியிருக்கிறேன்.

புழுதிக்காற்று அடித்து டிஷ் திரும்பிப்போன ஒரு சாயங்காலம், திருப்பி வைக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். கடைசி வீட்டுத் தம்பி ஏணி பிடிக்க வந்தான். நான் டிஷ்ஷை நகர்த்த, அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, எனக்குத் தெரியும். அவ அன்னைக்கே சொல்லிட்டா."

நான் டிஷ்ஷைப் பிடித்தபடி குனிந்து அவனைப் பார்த்தேன். அவன் மேலே பார்க்கவில்லை.

"தெரிஞ்சுகிட்டேதான் கூட்டத்துல சிரிச்சேன். நான் சிரிக்கலன்னா யாரும் வேற எதையாவது யோசிச்சிருவாவளோன்னு பயந்துட்டேன். இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியல. அண்ணனைச் சிரிப்பாணி ஆக்கத்தான் தெரிஞ்சுது."

சாக்கோடு வார்த்தை வாங்கினவன் என்கிற பேர் எனக்கு. அப்போது கொஞ்சம் இடது பக்கம் திருப்புறேன், கீழே போய்ப் படம் வருதா பார் என்றுதான் சொன்னேன். அவன் இறங்கிப் போனான். கீழேயிருந்து வருதுண்ணே என்று சத்தம் கொடுத்தான்.

அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். போன தடவை போன பகுதியில் இந்தத் தடவை கரையேறிவிட்டாள். தம்பி நாலு வீட்டுக்கும் இனிப்பு கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனான். அன்றே நான் எட்டு மணியைப் பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் தெளிந்துவிட்டது என்று அக்கா ஆண்டவருக்கு நன்றி சொன்னார். மத்தியானத்தில் நான் மறுபடி டிவி போடவில்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேன்.

தம்பியும் அவளும் கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் வழியனுப்பு ஜெபம். எல்லாரும் இருந்தோம். சமோசா, கேசரி, அண்ணாச்சி கொண்டுவந்த பெரிய பெப்சி பாட்டில்கள். அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டாள். என் பக்கம் வந்தபோது என் மனைவி முழங்கையால் இடித்தாள், ஏதாவது பேசுங்க என்று. இந்த ஒரு வருஷத்தில் இந்த நாட்டிலேயே இதையெல்லாம் பற்றிப் பேச எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவள். கப்பலைப் பற்றி, நீலச் சட்டைக்காரர்களைப் பற்றி, அவள் போகப்போகிற ஊரில் அந்த ஆட்டத்தை நேரிலேயே பார்க்கலாம் என்பதைப் பற்றி எவ்வளவோ இருந்தது. அங்க குளிராம், நல்ல சுவெட்டரா வாங்கிக்கோ பிள்ள என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டே சரி அண்ணே என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். எனக்கு அந்த ஐஸ் விளையாட்டு புடிக்கவே இல்ல. மத்தியானத்துல மாத்துங்க மாத்துங்கன்னுதான் மணி அடிச்சேன். பல நாள் நீங்க மாத்தல. பொறவு, வர்ணனை சொல்லுறவரு மூச்சு விடாம பேசுறதைப் புடிச்சுட்டா பரீட்சையில யாரு பேசினாலும் புடிச்சிரலாம்னு சகிச்சுக்கிட்டுப் பார்த்தேன்."

அவளே சொல்லிவிட்டாள். அக்கா, அண்ணாச்சி எல்லாரும் ஒரு நிமிஷம் அவளையும் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தம்பி முதலில் சிரித்தான். இந்தத் தடவை அது வேறு சிரிப்பு. அதைக் கேட்டபின் அண்ணாச்சி சிரித்தார். விஷயம் மெதுவாக ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது. அக்கா என் பக்கம் திரும்பி, அப்போ எட்டு மணிக்கு நீங்க போட்டது, என்று தொடங்கினார், முடிக்கவில்லை. அவர் கண் கலங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தபோதே நன்றாக இருந்தது. அப்போது ஒரு காரணமில்லாத பைத்தியமாக இருந்தேன். இப்போது என்னை நல்லவன் என்று நினைக்கிறார்கள். மத்தியானமெல்லாம் ஒருத்திக்குப் பிடிக்காததை அவள் வீட்டுக்குள் ஓடவிட்டு, அவள் மணி அடித்ததைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்ட ஆளை.

தட்டில் இருந்த சமோசாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன், பேச வேண்டியிருக்காது என்று. நல்லவேளை, அக்கா எல்லாரும் எழுந்து நிற்கச் சொன்னார். கண்ணை மூடினோம். அக்கா ஜெபித்தால் வழக்கமாகக் கால் வலிக்கும். அன்றைக்கு மட்டும் அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நின்றேன். கண் மூடியிருக்கும்வரை யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.